தரை ஈரத்தைத் தாங்கி நிற்கும் சேமிப்பு பெஞ்ச்: வட சென்னை வீடுகளுக்கான முழுமையான தச்சு வழிகாட்டி

வட சென்னை வீடுகளில் மரச்சாமான் முதலில் கெடுவது அதன் அடிப்பகுதியில்தான். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று எந்தப் பகுதியின் தரைத்தள வீட்டை எடுத்துக்கொண்டாலும், அலமாரியின் மேல்தட்டு பளபளவென்று இருக்கும்போதே கீழ்ப்பலகை ஊதிப் பெருத்து, விளிம்பு பிரிந்து, மைக்கா தனியாக எழும்பி நிற்பதைப் பார்க்கலாம். கடல் காற்றிலுள்ள உப்பும் தரையிலிருந்து ஏறும் ஈரமும் மழைக்காலத்தில் வாசல்படி தாண்டும் நீரும் சேர்ந்து செய்கிற வேலை இது. விலை மலிவு என்று வாங்கப்படும் பார்ட்டிகிள் போர்டு சாமான்கள் இதற்கு ஒரு மழைக்காலம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை, ஏனெனில் பசையோடு அழுத்தப்பட்ட மரத்தூள் ஒருமுறை நீரைக் குடித்து ஊதிவிட்டால், காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது.

எனவே இந்த வழிகாட்டி அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன் அடிப்பகுதியைப் பற்றிப் பேசுகிறது. நாம் செய்யப்போவது 4 அடி நீளமுள்ள ஒரு பெஞ்ச். மேலே இருவர் உட்காரலாம். மூடியைத் திறந்தால் உள்ளே போர்வை, தலையணை, பாய், பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் பாத்திரங்கள் ஆகியவற்றை வைக்கலாம். இதை ஒரே ஒரு பிளைவுட் ஷீட்டிலும் இரண்டரை அடிப் பழைய கதவு நிலைச்சட்டத்திலும் முடித்துவிடலாம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வந்ததைப் போன்ற வெள்ளத்தை எந்த பெஞ்சும் தாங்காது. ஆண்டுதோறும் வந்து போகும் இரண்டு மூன்று அங்குல நீரையும், வருடம் முழுவதும் இருக்கும் தரை ஈரத்தையும் தாங்குமாறு இதைச் செய்ய முடியும்.

முதலில் தரையைச் சோதிக்க வேண்டும்

பெஞ்ச் வைக்கப்போகும் இடத்தில் ஒன்றரை அடிச் சதுரமுள்ள தடித்த பாலித்தீன் தாளை விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டி, ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் அடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ, தரையின் நிறம் அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ, ஈரம் கீழிருந்து ஏறுகிறது என்று பொருள். சுவரையும் பாருங்கள். தரையிலிருந்து ஓரிரு அடி உயரம்வரை உப்புப் பூத்து, வெள்ளைப் பொடி உதிர்ந்தால், அந்தச் சுவரோடு எந்த மரத்தையும் ஒட்டி வைக்கக் கூடாது. இரண்டு சோதனைகளிலும் தப்பிய வீடு இங்கே அரிது. தப்பியிருந்தாலும் கீழே சொல்லும் 4 அங்குல உயரத்தைக் குறைக்க வேண்டாம், ஏனெனில் துடைப்பமும் ஈரத்துணியும் உள்ளே போய்வர அந்த இடைவெளி எப்படியும் தேவைப்படும்.

பிளைவுட் வாங்குதல்

சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி வடக்கே போகும் வால்டாக்ஸ் சாலையிலும், பெரியமேட்டுப் பக்கம் சைடன்ஹாம்ஸ் சாலையிலும் பிளைவுட், மரம், மைக்கா விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. ஷீட்டின் வழக்கமான அளவு 8க்கு 4 அடி, அதாவது 2440க்கு 1220 மி.மீ. விலையைச் சதுர அடிக் கணக்கில் சொல்வார்கள். அதை 32ஆல் பெருக்கினால் ஷீட்டின் விலை வரும். நமக்கு 18 மி.மீ. கனமுள்ள ஷீட் ஒன்று தேவை.

தரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். எம்.ஆர். (ஈரப்பதம் தாங்கும்) என்று விற்கப்படும் வகை ஈரக்காற்றைத் தாங்கும், நீரில் நனைந்தால் தாங்காது. அது மாடி வீட்டின் படுக்கையறைக்குப் போதும். நமது வேலைக்கு வேண்டியது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மெரைன் பிளைவுட். அந்தத் தரத்துக்கான சோதனையில் பிளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்தும் அடுக்குகளின் பசை விடாமல் இருக்க வேண்டும். முத்திரை அச்சடிப்பது எளிது என்பதால், ஐ.எஸ்.ஐ. குறிக்கு அருகில் சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணைக் குறித்துக்கொண்டு, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபாருங்கள். பிறகு ஷீட்டின் நான்கு விளிம்புகளையும் கண்ணால் பாருங்கள். அடுக்குகளுக்கு இடையே பொந்து தெரிந்தாலோ, ஓர் அடுக்கு மற்றொன்றின் மேல் ஏறி மடிந்திருந்தாலோ, அதைத் தள்ளிவிட்டு வேறு ஷீட் கேளுங்கள். விளிம்பில் தெரியும் பொந்து உள்ளேயும் இருக்கும், திருகாணி போடும் இடத்தில்தான் அது அகப்படும்.

நிலைச்சட்டம் வாங்குதல்

பெஞ்சைத் தாங்கும் அடித்தாங்கிகளுக்குப் புதுத் தேக்கு வாங்குவது வீண்செலவு. பழைய வீடுகளை இடித்து எடுத்த கதவு, ஜன்னல், நிலை விற்கும் கடைகளில் 4க்கு 3 அங்குல நிலைச்சட்டத் துண்டு கிடைக்கும். பல பத்தாண்டுகள் சுவரில் நின்று காய்ந்த மரம் என்பதால் இனி முறுக்கிக்கொள்ளும் என்ற அச்சமும் குறைவு. தேக்கு, வேங்கை, வேம்பு எதுவானாலும் சரி, வைரம் பாய்ந்த பகுதியாக இருக்க வேண்டும். வெளிர்நிறமாகத் தெரியும் வெள்ளைப் பகுதியைத்தான் பூச்சி முதலில் துளைக்கும்.

இத்தகைய கடைக்குப் போகும்போது முடிந்தால் தெரிந்த ஆசாரி ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் சட்டத்தைப் புரட்டிப்போட்டு, இழைப்புளியால் ஓர் ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்து, பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் நிறத்தைப் பார்ப்பார். சுருளை முகர்ந்து தேக்கின் எண்ணெய் வாசனை வருகிறதா என்று பார்ப்பார். "மேல பாக்காதீங்கண்ணே, தரையில நின்ன பக்கத்தப் பாருங்க" என்று அவர் சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நிலையின் கீழ்முனை தரைக்குள் புதைந்து நின்றிருக்கும், கரையான் ஏறியதும் உளுத்ததும் அங்கேதான் தொடங்கியிருக்கும். அந்தக் கடைசி ஓர் அடியைக் கணக்கில் சேர்க்காமல் வாங்க வேண்டும். துளைகள் இருந்தால் அவை பழையவையா என்று அறிய, சட்டத்தைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். மாவு போன்ற புதுத்தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது, அது வேண்டாம்.

மரத்தின் விலை கன அடிக் கணக்கில் வரும். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் எடுத்து, நீளத்தை அடியில் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். நமக்குத் தேவையான 4க்கு 3 அங்குலம், இரண்டரை அடி நீளம் என்றால் 30ஐ 144ஆல் வகுக்க, சுமார் 0.21 கன அடி வரும். இந்தக் கணக்கைக் கடைக்காரர் போடுவதற்கு முன்பே நீங்கள் போட்டுவைத்துக்கொள்வது நல்லது. வீட்டுக்கு வந்ததும் காந்தம் ஒன்றைச் சட்டத்தின் மேல் நகர்த்தி, உள்ளே ஒடிந்து கிடக்கும் பழைய ஆணிகளைக் கண்டுபிடித்துப் பிடுங்கிவிடுங்கள், இல்லையெனில் ரம்பத்தின் பல் போய்விடும்.

அறுத்தல்

முழு ஷீட்டின் எடை 30 கிலோவுக்கு மேல் இருக்கும். குறுகலான மாடிப்படியில் அதை ஏற்றி, வீட்டில் வைத்து அறுப்பதைவிட, அறுவை இயந்திரம் வைத்திருக்கும் கடையிலேயே அறுத்து வாங்கிவிட்டால், பெஞ்சுக்கான எல்லாத் துண்டுகளும் ஒரு ஷேர் ஆட்டோவுக்குள் அடங்கிவிடும். அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

முதலில் ஷீட்டை 8 அடி நீளவாக்கில் மூன்று பட்டைகளாக அறுக்கச் சொல்ல வேண்டும்: ஒன்று 400 மி.மீ., ஒன்று 332 மி.மீ., ஒன்று 346 மி.மீ. அகலம். நீளவாக்கில் அறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிளைவுட்டின் மேலடுக்கின் ரேகை பெரும்பாலும் 8 அடி திசையில் ஓடும், அந்தத் திசையில் எடுத்த பலகைதான் பாரத்துக்குக் குறைவாக வளையும். குறுக்கே அறுத்தாலும் துண்டுகள் அளவில் சரியாகவே வரும், ஆனால் நாலு அடி மூடி நாளடைவில் நடுவில் தொய்யும்.

400 பட்டையிலிருந்து 1200 மி.மீ. நீளத்தில் மூடியையும், 1128 மி.மீ. நீளத்தில் அடிப்பலகையையும் எடுத்து, அடிப்பலகையின் அகலத்தை 346 ஆகக் குறைக்க வேண்டும். 332 பட்டையிலிருந்து 1164 மி.மீ. நீளத்தில் முன்பலகை ஒன்றும் பின்பலகை ஒன்றும் வரும். 346 பட்டையிலிருந்து 332 மி.மீ. நீளத்தில் பக்கப்பலகைகள் இரண்டும், 314 மி.மீ. நீளத்தில் நடுத்தடுப்பு ஒன்றும் எடுக்கலாம். மூடியின் பின்புறம் 60 மி.மீ. பட்டை ஒன்றைத் தனியே அறுத்துவிடுங்கள். அது பெட்டியின் மேல் நிலையாக இருக்கும். மீதமுள்ள சுமார் 337 மி.மீ. பலகை மட்டும் கீலில் திறக்கும். அப்போதுதான் திறந்த மூடி சுவரில் இடிக்காமல் சற்றுப் பின்னால் சாய்ந்து நிற்கும். இவ்வளவும் போக, 346 மி.மீ. அகலத்தில் ஏறக்குறைய 1450 மி.மீ. நீளமான துண்டு ஒன்றும், 8 அடி நீளத்தில் 5 அங்குலப் பட்டை ஒன்றும் மிஞ்சும். அவற்றைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

அடித்தாங்கிகள்

நாற்காலிக்கு இருப்பது போல நான்கு கால்களை நிறுத்தி வைப்பது வழக்கம். ஈரத் தரைக்கு அது பொருந்தாது. மரத்தின் ரேகை மேலிருந்து கீழாக ஓடும்போது, காலின் அடிமுனை வெட்டுமுகமாக இருக்கும். அந்த வெட்டுமுகத்தில்தான் மரத்தின் நுண்குழாய்கள் வாய் திறந்திருக்கின்றன, திரி எண்ணெயை இழுப்பது போல அவை நீரை மேலே இழுக்கும். இதற்குப் பதிலாக மரத்தைக் குறுக்கே படுக்கவைத்தால், தரையைத் தொடுவது ரேகையின் பக்கவாட்டுப் பகுதியாக இருக்கும், அது நீரை மெதுவாகவே குடிக்கும். திருகாணியும் வெட்டுமுகத்தைவிடப் பக்கவாட்டில்தான் உறுதியாகப் பிடிக்கும்.

ஆகவே இரண்டரை அடிச் சட்டத்தை 375 மி.மீ. நீளமுள்ள இரண்டு துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் 3 அங்குலக் கனத்தின் நடுவே நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கச் சொல்லுங்கள். சுமார் 35 மி.மீ. கனமும் 100 மி.மீ. உயரமும் கொண்ட நான்கு தாங்கிகள் கிடைக்கும். மூன்று போதும், ஒன்று உபரி. ஒவ்வொரு தாங்கியின் அடியிலும் இரு முனைகளில் 70 மி.மீ. விட்டுவிட்டு, நடுப்பகுதியை 20 மி.மீ. ஆழத்துக்கு அறுத்து எடுத்துவிட்டால், இரண்டு பாதங்கள் மட்டும் தரையில் நிற்கும். தரை சற்று மேடுபள்ளமாக இருந்தாலும் பெஞ்ச் ஆடாது. தாங்கியின் இரண்டு வெட்டுமுகங்களிலும் எண்ணெய் பெயின்ட் மூன்று கோட் அடித்து, பாதங்களின் அடியில் கனமான நைலான் அல்லது ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.

பெட்டியைக் கோத்தல்

பசை போடுவதற்கு முன் எல்லாத் துண்டுகளையும் ஒருமுறை வெறுமனே சேர்த்து நிறுத்திப் பார்க்க வேண்டும். பக்கப்பலகைகள் முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் நிற்கும். அடிப்பலகை நான்கு பலகைகளுக்கும் உள்ளே, அடிவிளிம்போடு சமமாக உட்காரும். நடுத்தடுப்பு அடிப்பலகையின் மேல் நின்று, மேல்விளிம்போடு சமமாகும். பாய் வைக்க விரும்பினால், தடுப்பின் கீழ்ப்பகுதியில் ஒரு மூலையில் 180 மி.மீ. சதுரத்தை வெட்டி எடுத்துவிடுங்கள், சுருட்டிய பாய் இரு அறைகளையும் கடந்து நீட்டமாகப் படுத்துக்கொள்ளும்.

பின்பலகையின் மேற்பகுதியில் 25 மி.மீ. விட்டமுள்ள துளைகள் ஆறும், பக்கப்பலகைகளின் கீழ்ப்பகுதியில் இரண்டிரண்டும் போடுங்கள். கீழே நுழையும் காற்று மேலே வெளியேறினால்தான் உள்ளிருக்கும் துணியில் பூஞ்சை பிடிக்காது. கரப்பான் நுழையாதபடி உட்புறம் துருப்பிடிக்காத வலைத்துண்டுகளை ஒட்டிவிடலாம்.

பிறகு பிளைவுட்டின் அறுத்த விளிம்புகள் அனைத்திலும் நீர்த்தாங்கும் பசையை மெல்லியதாக ஒருமுறை தடவி, அது உள்ளிழுத்துக் காயும்வரை விட்டு, கோக்கும்போது இரண்டாம் முறை தடவுங்கள். விளிம்பு முதல் பூச்சைக் குடித்துவிடும் என்பதால், ஒரே முறை தடவினால் மூட்டு உலர்ந்து நிற்கும்.

திருகாணிகள் 8ஆம் எண், 50 மி.மீ. நீளம், எஸ்.எஸ். 304 எனப்படும் துருப்பிடிக்காத எஃகுத் தரத்தில் இருக்கட்டும். சாதாரண இரும்புத் திருகாணி இந்த உப்புக்காற்றில் சில ஆண்டுகளிலேயே துருவேறி, தலை ஒடிந்து, கழற்றவும் முடியாமல் போய்விடும். ஒவ்வொரு திருகாணிக்கும் முன்னால் 3 மி.மீ. பிட்டால் வழித்துளை போட்டு, தலை உட்காரச் சிறு குழியும் எடுக்க வேண்டும். பிளைவுட்டின் விளிம்பில் வழித்துளை இல்லாமல் திருகினால் அடுக்குகள் பிளந்துகொள்ளும். நீளவாக்கில் 150 மி.மீ. இடைவெளிக்கு ஒன்று, மூலைக்கு மூன்று என்று போட்டால், நூறு திருகாணிகள் உள்ள ஒரு பெட்டி தாராளமாகப் போதும்.

கிளாம்ப் போட்டு இறுக்குவதற்கு முன், மூலைவிட்டங்கள் இரண்டையும் டேப்பால் அளந்து பாருங்கள். மேலிருந்து பார்க்கையில் பெட்டியின் வெளிஅளவு 1164க்கு 382 என்பதால், இரண்டு மூலைவிட்டங்களும் சுமார் 1225 மி.மீ. வர வேண்டும். ஒன்று கூடி மற்றொன்று குறைந்தால் பெட்டி கோணிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நீளமான மூலைவிட்டத்தின் திசையில் அழுத்தினால் நேராகிவிடும். பசை முழு வலிமை பெற ஒரு நாள் ஆகும், அதுவரை அதன் மேல் உட்கார வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம்

மரச்சாமான் செய்பவர்கள் பெரும்பாலும் வெற்றுப் பலகையாகவே விட்டுவிடும் இடம் இது. பெட்டியைக் கவிழ்த்து, அடிப்பலகையின் கீழ்ப்பக்கத்துக்கும் பலகைகளின் கீழ்விளிம்புகளுக்கும் மரப் பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் எனாமல் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். செலவை எங்கேனும் குறைத்தே ஆக வேண்டும் என்றால் வெளி மைக்காவில் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு கோட்டில் கைவைக்காதீர்கள்.

பெயின்ட் நன்றாகக் காய்ந்த பின், தாங்கிகளை இரு முனைகளிலும் நடுத்தடுப்புக்கு நேர் கீழாகவும் வைத்து, உள்ளிருந்து அடிப்பலகை வழியாக 65 மி.மீ. திருகாணிகளைத் தாங்கிக்கு மூன்று வீதம் இறக்குங்கள். தாங்கியின் நீளம் அடிப்பலகையைவிடச் சற்றுக் கூடுதல் என்பதால், முன்பலகையும் பின்பலகையும் அதன் மேலேயே அமரும். உட்காருபவரின் எடை திருகாணிகளின் மேல் தொங்காமல் நேராகத் தரைக்கு இறங்கும்.

மூடியும் கீலும்

மூடியின் மேல் 1 மி.மீ. மைக்கா ஒட்டினால், அடியிலும் 0.8 மி.மீ. மைக்கா ஒட்ட வேண்டும். ஒரு முகத்தை மட்டும் மூடிவிட்டு மறுமுகத்தைத் திறந்து வைத்தால், திறந்த முகம் மட்டும் ஈரத்தை வாங்கி விரிய, பலகை வளைந்துவிடும். மைக்கா வேண்டாம் என்பவர்கள் பெயின்ட்டை இரு முகத்திலும் சம எண்ணிக்கையில் அடிக்க வேண்டும்.

60 மி.மீ. பட்டையைப் பின்பலகை, பக்கப்பலகைகள், தடுப்பு ஆகியவற்றின் மேல் பசையும் திருகாணியும் போட்டு நிலையாகப் பொருத்தி, அதற்கும் மூடிக்கும் இடையே நீளக் கீல் எனப்படும் பியானோ கீலை முழு நீளத்துக்கும் வையுங்கள். இரண்டு சிறு கீல்கள் மட்டும் வைத்தால் எல்லா இழுப்பும் இரண்டே இடத்தில் விழும். கீலின் திருகாணிகள் பிளைவுட்டின் விளிம்பில் ஏறுவதால், 20 மி.மீ.க்குக் குறையாத நீளத்தில், வழித்துளையில் ஒரு சொட்டுப் பசை விட்டுத் திருகுவது நல்லது.

குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். மூடி தானாகப் படாரென்று விழாதபடி, மெதுவாக இறங்கும் வகைத் தாங்குகை இரண்டு பக்கமும் பொருத்த வேண்டும். மூடியில் தானாகப் பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள் எதையும் வைக்கக் கூடாது. ஒவ்வோர் அறையும் அரை மீட்டருக்கு மேல் நீளமுள்ளது. கண்ணாமூச்சி விளையாடும் சிறு குழந்தை உள்ளே புகுந்துகொள்ள அது போதும்.

பாலிஷும் பருவமும்

மரம் தெரியும்படி பாலிஷ் போட நினைப்பவர்கள் மாதத்தைப் பார்த்துத் தொடங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நடக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை லேக்கர் வகைப் பூச்சுகள் காயும்போதே ஈரத்தைப் பிடித்துக்கொண்டு பால் போல வெளுத்துவிடும். பிப்ரவரி முதல் ஜூன் வரை உகந்த காலம், அப்போதும் பனி விலகிய பின் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் அடித்து முடிப்பது நல்லது. 120, 180, 240 என்று உப்புத்தாளின் எண்ணைப் படிப்படியாக உயர்த்தித் தேய்த்து, ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே 320ஆல் லேசாகத் தடவி, தூசியைத் துடைத்துவிட்டு அடுத்த கோட் அடியுங்கள். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். மொட்டை மாடியில் வேலை செய்தால் பக்கத்து வீட்டில் துணி காயவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைக்கும் விதம், பிறகு வருடாந்திரக் கவனிப்பு

சுவரிலிருந்து குறைந்தது 2 அங்குலம் தள்ளி வையுங்கள். முதல் வாரம் மூடியைத் திறந்தே வைத்திருந்தால் பசை, பெயின்ட் வாசனை போய்விடும். அதன் பிறகே துணியை வைக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் பெஞ்சைக் காலியாக்கிக் கவிழ்த்து, பாதப் பட்டைகள் கழன்றிருக்கின்றனவா, எங்கேனும் பெயின்ட் உரிந்திருக்கிறதா, கரையான் மண் கோடு போட்டிருக்கிறதா என்று பார்த்து, உரிந்த இடத்துக்கு மட்டும் ஒரு கோட் அடித்துவிடுங்கள்.

மிஞ்சிய 1450 மி.மீ. துண்டைப் பெஞ்சுக்கு மேலே சுவர்த்தட்டாக மாட்டலாம், 5 அங்குலப் பட்டையை அதன் அடியில் முட்டாகக் கொடுக்கலாம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவராக இருந்தால், துளையைச் செங்கலின் நடுவில் போடுங்கள். இரண்டு செங்கலுக்கு இடையிலுள்ள சாந்தில் போட்டால் அது பொடிந்து கொட்டி, பிளக் பிடிமானம் இல்லாமல் சுழலும்.